அணுமின் நிலைய உரிமம் புதுப்பிப்பு: ஆதரவு தரும் ஊர்மக்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி (அமெரிக்க நடைமுறை)

அமெரிக்காவில் இன்று ஓடிக்கொண்டிருக்கும் அணு உலைகள் ஏறக்குறைய 94. நாட்டின் மின்சாரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இவை தருகின்றன. கரியமில வாயு வெளியிடாத மின்சாரத்தை மட்டும் எடுத்தால், அதில் பாதி அளவு இவற்றிலிருந்துதான் வருகிறது. இவற்றில் பெரும்பாலானவை 1970களிலும் 80களிலும் தொடங்கியவை. எல்லாவற்றுக்கும் முதலில் கிடைத்தது 40 ஆண்டு உரிமம். அது முடிவதற்கு முன்னால் நிறுவனம் இன்னும் 20 ஆண்டுக்கு விண்ணப்பிக்கிறது. சில நிலையங்கள் இரண்டாவது முறையும் புதுப்பித்து, 80 ஆண்டு வரை ஓட அனுமதி கேட்கின்றன.

உங்கள் கவுன்ட்டியில் இப்படி ஒரு நிலையம் இருந்து, அது தொடர்ந்து ஓட வேண்டும் என்று நீங்கள் நினைத்தால், இந்த வழிகாட்டி உங்களுக்குத்தான். நானும் அப்படி நினைப்பவன். நன்றாகப் பராமரிக்கப்படும் ஒரு நிலையத்தைக் காலத்துக்கு முன்னால் மூடினால், அந்த இடத்தைப் பெரும்பாலும் எரிவாயுவே நிரப்புகிறது. நியூயார்க்கில் இந்தியன் பாயின்ட் நிலையத்தின் இரண்டு உலைகளும் 2020 ஏப்ரலிலும் 2021 ஏப்ரலிலும் நின்றபோது நடந்தது அதுதான்.

ஆனால் ஆதரவாளர்கள் பலர் தங்கள் உழைப்பைத் தவறான இடத்தில் கொட்டுகிறார்கள். ஒரே வாசகத்தில் ஆயிரம் கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள். கூட்டத்தில் வரிசையாக எழுந்து "வேலைவாய்ப்பு, சுத்தமான மின்சாரம்" என்று சொல்லிவிட்டு உட்காருகிறார்கள். உரிமம் தரும் ஆணையம் தலைகளை எண்ணி முடிவெடுப்பதில்லை. அது பதில் சொல்லியே ஆக வேண்டிய வகையில், உள்ளூர்க்காரர்களுக்கு மட்டுமே தெரிந்த விவரத்தைக் கோப்பில் ஏற்றுவதுதான் பயன் தரும் வேலை. அப்புறம், அந்த ஆணையத்தின் மேசையைத் தாண்டி வேறு மேசைகளும் இருக்கின்றன. பல நிலையங்களின் விதி அங்கேதான் முடிவானது.

படி 1: யார் எதை முடிவு செய்கிறார்கள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்

இந்த ஒரு படியை ஒழுங்காகச் செய்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

உரிமம் தருவது கூட்டாட்சி அரசின் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். சுருக்கமாக என்ஆர்சி. 1954ஆம் ஆண்டு அணுசக்திச் சட்டம் முதல் உரிமத்துக்கு 40 ஆண்டு என்று வரம்பு வைத்து, புதுப்பிக்கவும் இடம் கொடுத்தது. "40 ஆண்டுதான் உலையின் ஆயுள்" என்று கூட்டங்களில் அடிக்கடி கேட்பீர்கள். அது சரியல்ல. பொருளாதாரக் காரணங்களையும் ஏகபோக ஆதிக்கத்தைத் தடுக்கும் நோக்கத்தையும் வைத்து அந்த எண்ணைத் தேர்ந்தெடுத்ததாக ஆணையமே சொல்கிறது. 40 ஆண்டில் உலோகமோ கான்கிரீட்டோ செயலிழந்துவிடும் என்ற பொறியியல் கணக்கு அதன் பின்னால் இல்லை. அதற்காக வயது ஒரு பொருட்டே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது படி 6இல் வருகிறது.

ஆணையத்தின் ஆய்வு இரண்டு தடங்களில் நடக்கும். ஒன்று பாதுகாப்பு ஆய்வு. வயதாகும் பாகங்களை அடுத்த 20 ஆண்டு எப்படிக் கவனிக்கப் போகிறீர்கள் என்பதுதான் அதன் கேள்வி. கூட்டாட்சி விதித்தொகுப்பின் தலைப்பு 10, பகுதி 54 இதற்கானது. இன்னொன்று சுற்றுச்சூழல் ஆய்வு. அது பகுதி 51இன் கீழ் வருகிறது. எல்லா நிலையங்களுக்கும் பொதுவான விஷயங்களை ஒரு பொதுச் சுற்றுச்சூழல் அறிக்கை அலசிவிடுகிறது. 1996இல் முதலில் வந்த அது 2013இலும் 2024இலும் திருத்தப்பட்டது. ஒவ்வொரு நிலையத்துக்கும் உரிய விஷயங்களுக்குத் தனியாக ஒரு துணை அறிக்கை எழுதப்படும். உங்கள் கருத்துகள் போய்ச் சேருவது பெரும்பாலும் இந்தத் துணை அறிக்கைக்குத்தான்.

ஆணையம் எதைப் பார்க்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அவசரகாலத் திட்டம், காவல் ஏற்பாடு, அன்றாட இயக்கத்தின் தரம் ஆகியவை தொடர் கண்காணிப்பில் வருவதால் புதுப்பிப்பு ஆய்வில் தனியாக அலசப்படுவதில்லை. இந்த மின்சாரம் மாநிலத்துக்குத் தேவையா, கட்டணம் கட்டுபடியாகுமா என்பதையும் அது முடிவு செய்யாது. அது மாநிலத்தின் வேலை. கதிரியக்கப் பாதுகாப்பு கூட்டாட்சி அரசின் அதிகாரம், மின்சாரத் தேவையும் பொருளாதாரமும் மாநிலத்தின் அதிகாரம் என்று உச்ச நீதிமன்றம் 1983இல், கலிஃபோர்னியாவைப் பற்றிய ஒரு வழக்கில், கோடு போட்டுவிட்டது. ஆகவே "இந்த நிலையம் போனால் மின்கட்டணம் ஏறும்" என்ற வாதத்தை என்ஆர்சி கூட்டத்தில் சொன்னால் குறிப்பில் ஏறும், அவ்வளவுதான். மின்கட்டணத்தைக் கவனிக்கும் மாநிலப் பொதுப்பயன்பாட்டு ஆணையத்தில் அதே வாதத்துக்கு உண்மையான எடை உண்டு.

கடற்கரையிலோ ஏரிக்கரையிலோ இருக்கும் நிலையம் என்றால் இன்னும் இரண்டு வாசல்கள். கூட்டாட்சிச் சுத்தநீர்ச் சட்டத்தின் கீழ் மாநிலம் தரும் சான்று ஒன்று. கரையோர நிர்வாகச் சட்டத்தின் கீழ் மாநிலக் கரையோர அமைப்பு தரும் இசைவு இன்னொன்று. இதை மறந்துவிடாதீர்கள், படி 7இல் திரும்ப வருவேன்.

படி 2: தேதிகளைப் பிடியுங்கள்

நடப்பு உரிமம் முடிய 20 ஆண்டு இருக்கும்போதே நிறுவனம் விண்ணப்பிக்கலாம். குறைந்தது ஐந்து ஆண்டுக்கு முன் முறையாக விண்ணப்பித்துவிட்டால், ஆய்வு தாமதமானாலும் இறுதி முடிவு வரும்வரை பழைய உரிமம் காலாவதியாகாது. "லைசென்ஸ் முடிந்த பிறகும் ஓட்டுகிறார்களே!" என்று ஊரில் கோபம் வரும்போது இதை அமைதியாக விளக்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

விண்ணப்பம் வந்த பிறகு வழக்கமான வரிசை இது. முதலில் கூட்டாட்சி அரசிதழில் அறிவிப்பு வரும். விண்ணப்பம் ஆய்வுக்கு ஏற்கப்பட்டதும் சட்டபூர்வ விசாரணை கேட்க 60 நாள் அவகாசம் உண்டு. சுற்றுச்சூழல் ஆய்வில் எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று பொதுமக்களிடம் கேட்கும் எல்லை வரையறைக் காலம் பெரும்பாலும் 30 நாள். பல மாதம் கழித்து வரைவு அறிக்கை வரும். அதன் மீது கருத்துச் சொல்ல இதுவரை வழக்கமாக 45 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு இறுதி அறிக்கை, பாதுகாப்பு மதிப்பீட்டு அறிக்கை, முடிவு. முன்பெல்லாம் மொத்த ஆய்வும் ஒன்றரை, இரண்டு ஆண்டு பிடித்தது. பிரச்சினை கிளம்பினால் அதைவிட நீளும். மாசசூசெட்ஸின் பில்கிரிம் நிலையம் 2006 ஜனவரியில் விண்ணப்பித்து 2012 மே மாதத்தில்தான் உரிமம் பெற்றது.

இப்போது போக்கு வேறு மாதிரி. ஓடும் உலையைத் தொடர்ந்து இயக்கும் விண்ணப்பங்களுக்கு ஓராண்டுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2025 மே மாதத்தில் வந்த அதிபர் ஆணை ஆணையத்தைப் பணித்தது. எனவே பழைய நிலையத்தின் கால அட்டவணையைப் பார்த்து உங்கள் நாட்களைக் கணக்கிடாதீர்கள். உங்கள் நிலையத்துக்கு வந்த அறிவிப்பில் அச்சான தேதிதான் தேதி. ஆய்வு வேகமானால் கருத்துச் சொல்லும் சாளரமும் சுருங்கலாம். சாளரம் திறந்த பிறகு தகவல் திரட்டத் தொடங்கினால் முடியாது; முன்கூட்டியே திரட்டி வைத்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு உலைக்கும் ஒரு கோப்பு எண் உண்டு; பெரும்பாலும் அது 50 என்று தொடங்கும். உதாரணமாக, கலிஃபோர்னியாவின் டியாப்லோ கேன்யன் நிலையத்தின் இரண்டு உலைகளுக்கு 50-275, 50-323. அந்த எண்ணைக் கொண்டு ஆணையத்தின் பொது ஆவணக் களஞ்சியத்தில் தேடினால், கடிதம் முதல் ஆய்வாளர் அறிக்கை வரை எல்லாம் கிடைக்கும். கருத்துகளை அனுப்ப, கூட்டாட்சி அரசின் பொதுவான விதிமுறைக் கருத்துத் தளத்தில் வேறொரு கோப்பு எண் இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: கருத்து அனுப்ப அமெரிக்கக் குடியுரிமை தேவையில்லை. வேலை விசாவில் இருப்பவரும் அனுப்பலாம்.

படி 3: விண்ணப்பத்தில் எந்தப் பக்கங்களைப் படிப்பது

விண்ணப்பம் ஆயிரக்கணக்கான பக்கம் இருக்கும். முழுவதும் படிக்க வேண்டாம். சுற்றுச்சூழல் அறிக்கையில் நீர் பயன்பாடு, மீன்கள், நிலத்தடி நீர், அழியும் நிலையிலுள்ள உயிரினங்கள், வரலாற்று–பண்பாட்டு இடங்கள், மாற்று மின்வழிகள், "நடவடிக்கை இல்லை" (அதாவது உரிமம் புதுப்பிக்கப்படாத நிலை) என்ற மாற்றுவழி ஆகிய பகுதிகள் போதும். பாதுகாப்புப் பகுதியில், மூப்பு மேலாண்மைத் திட்டங்களின் (வயதாகும் பாகங்களைக் கவனிக்கும் திட்டங்களின்) பட்டியலையும் நிறுவனம் தந்திருக்கும் உறுதிமொழிகளின் அட்டவணையையும் படியுங்கள். அந்த உறுதிமொழி அட்டவணையை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பல ஆண்டுகளுக்கு உங்கள் கையில் இருக்க வேண்டிய தாள் அது.

படி 4: ஊரின் உண்மைகளைத் திரட்டுங்கள்

ஆணையத்திடம் பொறியாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் பள்ளி மாவட்டத்தின் பட்ஜெட் அவர்கள் கையில் ஆழமாக இருக்காது. எனவே பொறியியலைப் பொறியாளர்களிடம் விட்டுவிட்டு, உங்களிடம் மட்டும் இருப்பதைத் தேடுங்கள்.

கவுன்ட்டி வரி அலுவலகத்தில் நிலையத்தின் சொத்து வரி எவ்வளவு, அது பள்ளிக்கும் தீயணைப்புக்கும் நூலகத்துக்கும் எப்படிப் பிரிகிறது என்று கேளுங்கள். ஒரு ஆண்டு கணக்கு போதாது. பத்து ஆண்டு வாங்குங்கள். ஒவ்வொரு 18 அல்லது 24 மாதத்துக்கும் எரிபொருள் மாற்ற உலை நிறுத்தப்படும்போது வெளியூரிலிருந்து நூற்றுக்கணக்கில், சில இடங்களில் ஆயிரத்துக்கும் மேல், தற்காலிகத் தொழிலாளர்கள் வருவார்கள். அந்த வாரங்களில் விடுதிகளின் நிலவரம் என்ன? தொழிற்பயிற்சி தரும் சமூகக் கல்லூரியில் எத்தனை மாணவர்கள் இந்த வேலையை நம்பிப் படிக்கிறார்கள்? தன்னார்வத் தீயணைப்பு வீரர்களில் எத்தனை பேர் நிலைய ஊழியர்கள்? கடைசிக் கேள்வியைப் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

நிலையம் மூடிய ஊர்களுக்கு என்ன ஆயிற்று என்பதையும் படியுங்கள். வெர்மான்ட் யாங்கி நிலையம் 2014 டிசம்பரில் நின்றது. அது இருந்த வெர்னன், இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் சிற்றூர். நிலையம் மூடப்போகிறது என்று தெரிந்த பிறகு அவர்கள் தங்கள் ஊர்க் காவல் துறையையே கலைத்துவிட்டுக் கவுன்ட்டி ஷெரிஃபை நம்ப வேண்டி வந்தது. கலிஃபோர்னியாவில் டியாப்லோ கேன்யனை மூடத் திட்டமிட்டிருந்தபோது, சுற்றியுள்ள ஊர்களின் இழப்பை ஈடுகட்ட 8.5 கோடி டாலர் ஒதுக்க 2018இல் மாநிலமே சட்டம் போட்டது. மூடலுக்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான அரசுச் சான்று வேண்டியதில்லை.

இந்த எண்களை எங்கே வைப்பது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. நிலையம் தொடர்ந்து ஓடினால் வேலை, வரி விஷயத்தில் பெரிய மாற்றம் எதுவும் இல்லை என்று பொதுச் சுற்றுச்சூழல் அறிக்கை ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஆகவே "நிலையம் எங்களுக்கு வரி தருகிறது" என்று பொதுவாக எழுதினால் அது அங்கேயே நின்றுவிடும். உரிமம் புதுப்பிக்கப்படாவிட்டால் என்ன ஆகும் என்று அலசும் பகுதிக்குப் பெயர் "நடவடிக்கை இல்லை" மாற்றுவழி. உங்கள் வரிக் கணக்கு, பள்ளிக் கணக்கு எல்லாம் போக வேண்டிய இடம் அதுதான். பெயரைக் குறிப்பிட்டு அங்கே சேர்க்கச் சொல்லுங்கள்.

படி 5: கருத்தை எழுதுங்கள், குழுவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்

முதலில் யாரைச் சேர்ப்பது. நிலைய ஊழியர்கள் தாமாக வருவார்கள். வெளியே தேட வேண்டியவர்கள் பள்ளி நிர்வாகிகள், விவசாயிகள், தீயணைப்புத் துறையினர், கட்டுமானத் தொழிற்சங்கத்தினர், பறவை ஆர்வலர்கள், மருத்துவமனைச் செவிலியர்கள். அந்த நிலத்தோடு மூதாதையர் காலத்திலிருந்து தொடர்புள்ள பழங்குடி மக்கள் இருந்தால், அவர்களிடம் முதலில் போங்கள். ஆதரவு கேட்பதற்காக இல்லை. அவர்கள் என்ன கேட்கிறார்கள் என்று கேட்பதற்காக. வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி ஆணையமே அவர்களுடன் கலந்தாலோசிக்கக் கடமைப்பட்டது.

டியாப்லோ கேன்யனில் 2016இல் நிலையத்தில் வேலை பார்த்த இரண்டு பெண்கள் "மதர்ஸ் ஃபார் நியூக்ளியர்" என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். தாங்கள் நிலைய ஊழியர்கள் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அந்த வெளிப்படைத்தன்மை மிக முக்கியம். இதன் மறுபக்கத்தை ஒஹாயோவில் பார்க்கலாம். அங்கே இரண்டு அணுமின் நிலையங்களைக் காப்பாற்ற 2019இல் வந்த மானியச் சட்டத்தின் பின்னால் சுமார் 6 கோடி டாலர் லஞ்சம் இருந்தது தெரியவந்தது. சட்டமன்ற அவைத்தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டர் 2023இல் குற்றவாளி என்று தீர்ப்பாகி 20 ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். நிலையங்களுக்கான மானியத்தை 2021இலேயே சட்டமன்றம் ரத்து செய்திருந்தது. ஆதரவு இயக்கத்துக்கு அதனால் ஏற்பட்ட களங்கம் இன்னும் போகவில்லை. ஆகவே உங்கள் குழுவுக்கு நிறுவனம் பணமோ டீ-ஷர்ட்டோ தந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லுங்கள். இன்னும் நல்லது, வாங்காதீர்கள்.

சரி, இப்போது கருத்து எழுதுவது எப்படி என்று பார்ப்போம். பயன் குறைந்த கருத்து இப்படி இருக்கும்: "இந்த நிலையம் எங்கள் ஊரின் முதுகெலும்பு. தயவுசெய்து உரிமத்தைப் புதுப்பியுங்கள்." இதற்கு ஆணையம் எழுதும் பதில் ஒரே வரிதான்: ஆதரவுக் கருத்து, புதிய தகவல் இல்லை, அறிக்கையில் மாற்றம் இல்லை.

பயன் தரும் கருத்து இந்த மாதிரி:

"நான் நிலையத்திலிருந்து ஏழு மைல் தொலைவிலுள்ள பள்ளி மாவட்டத்தின் நிதிக் குழுவில் இருக்கிறேன், என் கணவர் நிலையத்தில் வேலை செய்கிறார். வரைவு அறிக்கையின் 'நடவடிக்கை இல்லை' பகுதி, நிலையம் மூடினால் உள்ளூர் வரி வருவாய் குறையும் என்று பொதுவாக மட்டும் சொல்கிறது. எங்கள் மாவட்டத்தின் பத்து ஆண்டுத் தணிக்கை அறிக்கைகளை இணைத்துள்ளேன். நிலையத்தின் வரி எங்கள் மொத்த வருவாயில் எத்தனை விழுக்காடு என்று ஆண்டுவாரியாக மூன்றாவது பக்கத்தில் உள்ளது. இந்தத் தரவை இறுதி அறிக்கையில் சேர்த்து, பாதிப்பின் அளவை மறுபடி மதிப்பிடக் கோருகிறேன். மேலும், குளிர்விப்பு நீர் வெளியேறும் இடத்தில் மீன் கணக்கெடுப்பு கடைசியாக எப்போது நடந்தது என்பது அறிக்கையில் தெளிவாக இல்லை. அதையும் குறிப்பிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

எழுதியவர் யார், நிலையத்தோடு அவருக்கு என்ன தொடர்பு, அறிக்கையின் எந்தப் பகுதி, சான்று என்ன, எந்த மாற்றம் வேண்டும் என்று எல்லாமே இருக்கிறது. கடைசி வரியைக் கவனியுங்கள். ஆதரிப்பவரே குறையைக் காட்டிக் கேட்கிறார். அப்படி எழுதும் ஆதரவாளரின் மற்ற வரிகளையும் நம்பிக்கையோடு படிப்பார்கள். எனக்கு இந்தப் பகுதிதான் எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுகிறது.

ஒரே வாசகத்தை நூறு பேர் அனுப்பினால், ஆணையம் அவற்றை ஒரே கட்டாகச் சேர்த்து ஒரே பதில் எழுதும். பத்துப் பேர் பத்து வெவ்வேறு விஷயத்தை எழுதினால் பத்துப் பதில் எழுத வேண்டும். அனுப்பும் எதுவும் பொதுக் கோப்பில் ஏறும் என்பதால் தொலைபேசி எண், வீட்டு முகவரி போன்றவற்றைக் கருத்தின் வாசகத்தில் எழுத வேண்டாம்.

தனிநபர்களுக்கு இல்லாத ஒரு வசதி கவுன்ட்டிக்கும் நகரத்துக்கும் உண்டு. சட்டபூர்வ விசாரணை நடந்தால், விண்ணப்பத்தை மறுக்கும் தனி வாதமுனை எதையும் முன்வைக்காமலேயே அவை ஆர்வமுள்ள உள்ளாட்சி அமைப்பாகப் பங்கேற்கலாம். கவுன்ட்டி சபையில் ஒரு தீர்மானம் நிறைவேற்ற வைத்தால், அது வெறும் வாழ்த்து மடலாக இல்லாமல், வரிக் கணக்கையும் நிபந்தனைகளையும் சுமந்து போகட்டும்.

பொதுக்கூட்டத்தில் பேசுவதற்கு ஒருவருக்குச் சில நிமிடங்களே கிடைக்கும். ஒரே ஒரு விஷயம் பேசுங்கள், எழுத்து வடிவத்தைப் பிறகு தனியாக அனுப்பிவிடுங்கள். எதிர்ப்பவர் பேசும்போது முணுமுணுக்காதீர்கள். கூட்டம் முடிந்ததும் அவர்களில் ஒருவரிடமாவது போய்ப் பேசுங்கள். மறுநாளும் அதே ஊரில்தானே வாழப் போகிறீர்கள்.

படி 6: கடினமான கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் சொல்லுங்கள்

எதிர்ப்பவர்களின் கவலைகள் கற்பனை அல்ல. அவர்களால் நிலையங்கள் பாதுகாப்பானவையாக ஆனதும் உண்டு. நியூ ஹாம்ப்ஷயரின் சீப்ரூக் நிலையத்தில், கான்கிரீட்டுக்குள் காரமும் சிலிக்காவும் வினைபுரிந்து அதை உள்ளிருந்தே விரியச் செய்யும் கோளாறு கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர்க் குடிமக்கள் அமைப்பு ஒன்று இதற்கான கண்காணிப்பு முறை போதாது என்று சட்டபூர்வமாக வாதாடியது. 2020இல் ஆணையத்தின் உரிம வாரியம் (இத்தகைய வழக்குகளை விசாரிக்கும் குழு), கூடுதல் கண்காணிப்பு நிபந்தனைகளை விதித்தது. நிலையம் ஓடுகிறது, முன்பைவிடக் கூர்மையான கண்காணிப்போடு ஓடுகிறது. ஆதரவாளராக இதில் எனக்கு மகிழ்ச்சிதான்.

வயதைப் பற்றிக் கேட்டால், எல்லாவற்றையும் மாற்றிவிட்டார்கள் என்று சொல்லாதீர்கள். நீராவி உற்பத்திக் கலன்கள், பம்புகள், மின்மாற்றிகள் மாற்றப்படுகின்றன. உலையின் அழுத்தக் கலன் மாற்றப்படுவதில்லை. நியூட்ரான் தாக்கத்தால் அதன் எஃகு மெல்ல நொறுங்கும் தன்மை பெறுகிறது. அதைக் கணிக்க, அதே எஃகின் மாதிரித் துண்டுகளைத் தொடக்கத்திலேயே கலனுக்குள் வைத்து, குறிப்பிட்ட இடைவெளியில் எடுத்து உடைத்துச் சோதிக்கிறார்கள். உங்கள் நிலையத்தில் அடுத்த மாதிரி எப்போது எடுக்கப்படும் என்று கேளுங்கள். அதற்குத் தெளிவான பதில் விண்ணப்பத்தில் இருக்க வேண்டும். பம்பு மாதிரி இயங்கும் பாகங்களை வழக்கமான பராமரிப்பு விதி பார்த்துக்கொள்கிறது. புதுப்பிப்பு ஆய்வு குறிப்பாகப் பார்ப்பது அழுத்தக் கலன், கான்கிரீட், கேபிள், மண்ணுக்கடியில் ஓடும் குழாய் போன்ற அசையாத, நெடுநாள் இருக்கும் பாகங்களை.

ஒஹாயோவின் டேவிஸ்-பெஸ் நிலையத்தில் 2002இல் உலை மூடியில் போரிக் அமிலம் அரித்து ஒரு பெரிய குழி கண்டுபிடிக்கப்பட்டது. உட்பக்க மெல்லிய எஃகுப் பூச்சு மட்டுமே மிஞ்சியிருந்தது. நீண்ட நிறுத்தத்துக்கும் மாற்றங்களுக்கும் பிறகு அது திரும்ப ஓடி, 2015இல் உரிமப் புதுப்பிப்பும் பெற்றது. இந்த வரலாற்றை எதிர்ப்பவர் எடுத்துச் சொல்லும் முன் நீங்களே சொல்லுங்கள். ஆய்வு தளர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது ஒரு பாடம்.

தீர்ந்த எரிபொருளைப் பற்றிய கேள்வி கட்டாயம் வரும். 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி கூட்டாட்சி அரசு 1998இல் அதை எடுத்துச் செல்லத் தொடங்கியிருக்க வேண்டும். இன்றுவரை எடுக்கவில்லை. அது குளிர்நீர்த் தொட்டிகளிலும் உலர் கொள்கலன்களிலும் அந்தந்த நிலையத்திலேயே கிடக்கிறது. நிலையத்தை மூடினால் எரிபொருள் போய்விடும் என்பதும் உண்மையில்லை. மூடிய நிலையங்களிலும் அது அங்கேயே இருக்கிறது, வரி கட்டும் நிலையம் மட்டும் இல்லை. ஆனால் 20 ஆண்டு கூடுதலாக ஓடினால் கொள்கலன்கள் கூடும் என்பதும் உண்மை. அந்த இரண்டாவது வாக்கியத்தையும் சேர்த்தே சொல்லுங்கள்.

சுற்றுச்சூழல் ஆய்வை வெறும் சடங்காக நினைக்கும் ஆதரவாளர்களுக்கு டர்க்கி பாயின்ட் ஒரு எச்சரிக்கை. ஃபுளோரிடாவின் அந்த நிலையம்தான் 2019 டிசம்பரில் நாட்டிலேயே முதன்முறையாக 80 ஆண்டு வரையான உரிமம் பெற்றது. 2022 பிப்ரவரியில் ஆணையமே அந்தக் கூடுதல் 20 ஆண்டைத் திரும்பப் பெற்றது. பழைய பொதுச் சுற்றுச்சூழல் அறிக்கை முதல் புதுப்பிப்பை மட்டுமே அலசியது, இரண்டாவது புதுப்பிப்பை அலசவில்லை என்பதே காரணம். பென்சில்வேனியாவின் பீச் பாட்டமும் இதே முடிவில் சிக்கியது. 2024இல் பொது அறிக்கை திருத்தப்பட்ட பிறகுதான் டர்க்கி பாயின்ட்டுக்கு அந்த 20 ஆண்டுகள் திரும்பக் கிடைத்தன. ஆய்வைச் சுருக்கச் சொல்லி ஆதரவாளர்கள் அவசரப்படுத்தினால், அந்த அவசரமே பின்னால் நீதிமன்றத்தில் உரிமத்தைக் கவிழ்க்கலாம்.

படி 7: மாநிலத் தலைநகரை மறக்காதீர்கள்

விஸ்கான்சினின் கெவானி நிலையம் 2011இல் புதுப்பித்த உரிமம் வாங்கியது. 2013 மே மாதத்தில் மூடியது. வெர்மான்ட் யாங்கியும் 2011இல் உரிமம் பெற்று 2014இல் மூடியது. பில்கிரிம் ஆறு ஆண்டுக்கு மேல் போராடி வாங்கிய உரிமத்தோடு 2019இல் நின்றது. எந்த இடத்திலும் என்ஆர்சி மறுக்கவில்லை. மலிவான எரிவாயுவோடு போட்டியிட முடியாமல் போனதுதான் பெரிய காரணம்.

இலினாயில் நடந்தது இதற்கு நேர்மாறு. பைரன், டிரெஸ்டன் நிலையங்களிடம் செல்லுபடியாகும் உரிமம் இருந்தும் 2021இல் மூடத் தேதி குறிக்கப்பட்டது. தொழிற்சங்கங்களும் உள்ளூர்ப் பள்ளிகளும் ஊராட்சிகளும் தலைநகரில் விடாமல் நின்றன. பைரன் நிற்க வேண்டிய அதே செப்டம்பரில் மாநில எரிசக்திச் சட்டம் நிறைவேறி, 15ஆம் தேதி ஆளுநர் கையெழுத்திட்டார். சூரிய, காற்று மின்சாரத்துக்கான முதலீடுகளும் அதே சட்டத்தில் இருந்தன. நிலையத்துக்கு மட்டும் என்று கேட்டிருந்தால் அது நிறைவேறியிருக்காது என்றே நான் நினைக்கிறேன்.

டியாப்லோ கேன்யனுக்கு வாழ்வு தந்ததும் மாநிலம்தான். 2016இல் மூடுவதற்கு ஒப்பந்தம், 2018இல் பொதுப்பயன்பாட்டு ஆணையத்தின் ஒப்புதல் எல்லாம் ஆன பிறகு, 2022இல் கலிஃபோர்னியா சட்டமன்றம் முடிவை மாற்றி 140 கோடி டாலர் வரை கடன் தர வழிசெய்தது. அதற்குப் பிறகே 2023 நவம்பரில் நிறுவனம் கூட்டாட்சி உரிமத்துக்கு விண்ணப்பித்தது. கடல்நீர் குளிர்விப்பும் சுற்றியுள்ள நிலமும் கரையோர ஆணையத்தில் தனிப் போராட்டமாகின. நிலப் பாதுகாப்பு நிபந்தனைகளோடுதான் அங்கே 2025 டிசம்பரில் இசைவு கிடைத்தது. அந்த நிபந்தனைகளை ஆதரித்துப் பேசிய நிலைய ஆதரவாளர்கள் நல்லதைச் செய்தார்கள். கரையோர நிலம் காக்கப்படுவதும் நிலையம் ஓடுவதும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

ஆகவே நடைமுறையில் செய்ய வேண்டியது இது. உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர், மாநில செனட்டர் இருவரின் உதவியாளர்களையும் விண்ணப்பம் போவதற்கு முன்பே சந்தியுங்கள். பொதுப்பயன்பாட்டு ஆணையத்தில் நிலையம் தொடர்பான வழக்கு எண் என்ன, பொதுமக்கள் கருத்து எந்தத் தேதி வரை என்று குறித்துக்கொள்ளுங்கள். மின்கட்டணம் பற்றிய வாதத்தை அங்கே எடுத்து வையுங்கள். தொடர்ந்து இயக்க எவ்வளவு செலவாகும், அதை யார் சுமப்பார்கள் என்ற கேள்வியையும் நீங்களே கேளுங்கள். ஏழை வீடுகள் மீது அந்தச் சுமை அதிகம் விழுந்தால், அதற்கு நிவாரணம் கேட்பதும் உங்கள் வேலை.

படி 8: உரிமம் கைக்கு வந்த பிறகு

முதலில் புதுப்பிக்கப்பட்டது மேரிலாந்தின் கால்வெர்ட் கிளிஃப்ஸ், 2000 மார்ச்சில். அதற்குப் பிறகு பெரும்பாலான உலைகள் இந்த வழியில் வந்துவிட்டன. ஆதரவுக் குழுக்கள் பெரும்பாலும் உரிமம் வந்த நாளில் கலைந்துவிடுகின்றன. குழு கலையக் கூடாது.

நீட்டிக்கப்பட்ட காலம் தொடங்கும் முன், நிறுவனம் தந்த உறுதிமொழிகள் நிறைவேறினவா என்று ஆணையத்தின் ஆய்வாளர்கள் வந்து பார்ப்பார்கள். அந்த அறிக்கை பொது ஆவணம். படி 3இல் அச்செடுத்து வைத்த அட்டவணையை அதோடு ஒப்பிடுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் ஆணையத்தின் ஆய்வாளர்கள் நிரந்தரமாகப் பணியில் இருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை நிலையத்தின் செயல்பாட்டை ஆணையம் மதிப்பிட்டு, பொதுமக்களைச் சந்திக்கவும் வாய்ப்புத் தருகிறது. அந்தக் கூட்டங்களுக்கு ஊர்க்காரர்கள் விரல் விட்டு எண்ணும் அளவிலேயே வருவார்கள். அடுத்த கூட்டத்துக்குப் போய், மண்ணுக்கடியிலுள்ள குழாய்களில் இந்த ஆண்டு எத்தனையைத் தோண்டிப் பார்த்தீர்கள், அழுத்தக் கலனின் மாதிரிச் சோதனை முடிவு என்ன சொல்கிறது, நிறுவனம் தள்ளிப்போட்ட பராமரிப்பு வேலை எது என்று கேளுங்கள். பதில்களைக் குறித்துவைத்து, அடுத்த ஆண்டும் அதே கேள்விகளோடு போங்கள்.